பட்டியல் எழுதிய அக்கா

2022 மார்ச் 4-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க மேயர்களையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். கடலூர் மாநகராட்சியின் முதல் மேயராக சுந்தரி ராஜா வந்தார். எங்கள் பக்கத்துப் பேப்பர்களுக்கு அன்று அதுதான் பெரிய செய்தி. நான் தேடிய செய்தி உள்பக்கத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் போகிற வழியில் இருக்கும் கிள்ளையிலிருந்து வந்திருந்தது. அந்தப் பேரூராட்சியின் தலைவர் பதவி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த மல்லிகா தலைவராகியிருந்தார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அங்க நம்ம ஜனம் ஒரே எடத்துல இருக்குது டீச்சரம்மா. இங்க அஞ்சு வீடு, அங்க பத்து வீடுன்னு கெடந்தா நமக்கு எவன் ஒதுக்குவான்?"

மல்லிகாவை எனக்கு நேரில் பழக்கமில்லை. இந்த அக்காவைத்தான் தெரியும். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. கெடிலம் ஆற்றங்கரையில் குடியிருப்பவர் என்பதால் கெடிலக்கரை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கிள்ளையில் நடந்ததன் அருமை எனக்குப் புரிந்ததே இவரோடு அலைந்த வருடங்களால்தான்.

நான் திருவந்திபுரத்துக்காரி. தேவநாத சுவாமி கோயிலும் ஔஷதகிரி மலையும்தான் எங்கள் ஊரை வெளியே தெரியவைத்தவை. முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் படியேறிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் இருளர்களை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அறுவடை முடிந்த வயலில். அடியில் ஓட்டை போட்ட பானைக்குள் வைக்கோலை வைத்துக் கொளுத்தி, எலி வளைக்குள் புகையை ஊதுவார்கள். எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். அந்த நெல்லைக்கூட "எங்க வயல் நெல்லு" என்று பிடுங்கிக்கொண்டு போன மிராசுகளை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத் தொண்டராக ஒரு அரிக்கேன் விளக்கோடு கெடிலக்கரைக்குப் போனேன். மற்ற ஊர்களில் பெண்கள் முதலில் தங்கள் பெயரை எழுதத்தான் ஆசைப்படுவார்கள். அக்கா கேட்டது எண்களை. செங்கல் சூளைக்குப் போகும்போது வாங்குகிற முன்பணத்தை மேஸ்திரி நோட்டில் எழுதுவான். சீசன் முடிந்து திரும்பும்போது அது குறையாமல், சில வருடம் கூடியும் இருக்கும். "அந்த நோட்டுல என்னா எழுதுறான்னு நான் படிக்கணும். அத மட்டும் சொல்லிக் குடு" என்றார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அது சூளை வாசலைத் தாண்டி உள்ளே போக இத்தனை வருடம் ஆனதற்கு யாரைக் கேட்பது?

எண்களில் ஆரம்பித்தவர் எழுத்துக்கு வந்தார். பிறகு நான் மகளிர் திட்டத்தில் களப்பணிக்குப் போனபோது, கரையில் அமைந்த சுயஉதவிக் குழுவுக்கு அவரே ஊக்குநர். சேமிப்பு எழுதுவார், வங்கிக்குப் போவார். பிரசவ வலி கண்டவளைக் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார். எவனையாவது திருட்டு வழக்கில் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனால் ராத்திரியென்றும் பாராமல் போய் வாசலில் உட்கார்ந்துவிடுவார். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. எங்கள் மாவட்டத்து முதனையிலிருந்து ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனதும், இருளர் பெண் அத்தியூர் விஜயாவுக்குப் போலீசார் செய்த கொடுமையும் 1993-இல் நடந்தவை. 'ஜெய் பீம்' படம் 2021-இல் வந்து ஊரே அழுதது. படத்தில் இருளராகக் காட்டிய ராஜாக்கண்ணு நிஜத்தில் குறவர். அது எந்தச் சாதியானாலும் ஸ்டேஷனில் விழுந்த அடி ஒன்றுதான் என்பார் அக்கா. விஜயாவுக்காக நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டினார். மனு எழுதும் முறையை நாங்கள் கற்றது அந்தச் சங்கத்துக்காரர்களிடம்தான்.

2004 டிசம்பர் 26, சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அக்காவின் தங்கை குடும்பம் கழிமுகத்தில் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்தது. குடிசை, வலை, பாத்திரம் எல்லாம் போய், உடுத்திய துணியோடு கெடிலக்கரைக்கு ஓடி வந்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி ராப்பகலாக நிவாரண வேலை பார்த்ததை இந்த ஊர் இன்னும் பேசுகிறது, பேச வேண்டியதுதான். ஆனால் கீழே பட்டியல் எப்படித் தயாரானது? மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீனவ ஊர்ப் பஞ்சாயத்து சொல்ல வேண்டும். இருளர் இரண்டிலும் இல்லை. படகு இல்லாதவன் மீனவன் இல்லை. கடலோரத்தில் குடியிருந்தும் கடல் கொண்டுபோனவர்கள் கணக்கில் அவர்கள் வரவில்லை.

நிவாரணம் கொடுக்கிற இடத்துக்கு நானும் அக்காவும் போனோம். மேசையில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், எரிந்து விழவில்லை. "பேர் இல்லையேம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா கேட்டார்: "யாரு எழுதுனா சாமி அந்தப் பேர?" அவரிடம் பதில் இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் ஒரு நோட்டு வாங்கித் தரச் சொன்னார். குழு நோட்டு இல்லை, வேறு. அன்று முதல் கெடிலக்கரையிலும் சுற்றியுள்ள ஏரிக்கரை, வாய்க்கால் கரைகளிலும் இருக்கிற ஒவ்வொரு இருளர் வீட்டையும் எழுத ஆரம்பித்தார். குடும்பத் தலைவர், பெண்டாட்டி, பிள்ளைகள், வயசு, ரேஷன் கார்டு உண்டா, பட்டா உண்டா, சாதிச் சான்றிதழ் உண்டா. கடைசி மூன்று கட்டங்களில் பெரும்பாலும் ஒரு கோடுதான்.

அந்தக் கோட்டை அழிக்கத்தான் எங்கள் ஆயுசில் பாதி போயிற்று.

சான்றிதழ் கதை வெளியாட்களுக்குப் புரிவது கஷ்டம். 1989 நவம்பருக்குப் பிறகு பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். போலிகளைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு, நியாயம்தான். ஆனால் போலி ஆசாமிக்கு வக்கீல் வைக்கத் தெரியும். உண்மை ஆசாமிக்கு ஆபீஸ் வாசல் தெரியாது. அப்பாவின் சான்றிதழ் கேட்பார்கள். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். பத்திரம் கேட்பார்கள். நிலம் என்று ஒன்று இருந்தால் ஏன் ஏரிக்கரையில் குடியிருக்கிறார்கள்?

அக்காவின் மகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்து சான்றிதழ் தேவைப்பட்டது. விசாரணைக்கு வந்த ஒரு அதிகாரி, நாற்காலியில் சாய்ந்தபடி, "இருளர்னா பாம்பு பிடிக்கத் தெரியணுமே. பிடிச்சுக் காட்டு பார்ப்போம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பாம்பு புடிச்சா வனத்துறை என்னப் புடிக்கும். புடிக்கலன்னா நான் இருளச்சி இல்லன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க சாமி, அதும்படி செய்யறேன்."

பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, வடநெம்மேலி இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி உரிமம் பெற்ற இடத்தைத் தவிர யாரும் பாம்பைத் தொட முடியாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். சான்றிதழ் கிடைத்தது, ஆனால் அந்த வருடப் பள்ளிச் சேர்க்கை முடிந்த பிறகு. மகள் படிப்பு அத்தோடு நின்றது. அக்கா அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் அடுத்தடுத்த வருடங்களில், பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே மனுவைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கெடிலக்கரையில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. குடிசை இழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு என்று அரசு அறிவித்தது. வீடு வேண்டுமானால் பட்டா வேண்டும். மறுபடியும் அந்தக் கோடு.

2015 நவம்பர் மழை வேறு மாதிரி. ஒன்பதாம் தேதி இரவு நெய்வேலியில் வானம் பிளந்துகொண்டது. விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடையில் வந்த வெள்ளம் வீட்டையும் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. கெடிலமும் கரை தட்டி ஓடியது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கரைச் சனம் மொத்தமும் அங்கே இருந்தது. அக்கா இருட்டோடு எழுப்பிக் கூட்டி வந்திருந்தார். இருளர்கள் மட்டுமில்லை, தாழ்வான தெருக்களில் இருந்த மற்ற சாதிக்காரர்களும். ஒரே வராண்டா. சாதாரண நாளில் அக்காவை வாசற்படிக்கு வெளியே நிறுத்திப் பேசுகிறவர்கள் அன்று அவர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் வருவாய்த் துறையிலிருந்து ஒரு தம்பி ஈரம் சொட்டச் சொட்ட வந்தான். எத்தனை பேர், என்ன வேண்டும் என்று எழுத வெற்றுத் தாளை எடுத்தான். அக்கா பிளாஸ்டிக் பையைப் பிரித்து நோட்டை நீட்டினார். வராண்டாவில் இருந்த எல்லாச் சாதிக் குடும்பமும் அதில் இருந்தது. கைக்குழந்தைகள் தனி, மாத்திரை சாப்பிடுகிற கிழவர்கள் தனி. அவன் தாளைப் பையில் வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டான். அடுத்து வந்த அரிசியும் பாயும் அந்தக் கணக்குப்படிதான் பிரிந்தன. யாருக்கும் விட்டுப்போகவில்லை, யாருக்கும் இரட்டிப்பாகவும் போகவில்லை. நிவாரணத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"நீ எலெக்‌ஷன்ல நில்லு" என்று அக்காவிடம் முதலில் சொன்னது நானில்லை. அந்த வராண்டாவில் இருந்த ஒரு வன்னியர் வீட்டு ஆயா.

2016-இல் வந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் வழக்கில் மாட்டி, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகப் பகுதிகளுக்கு நடந்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் அதற்குள் வந்திருந்தது. எங்கள் பக்கத்து ஊராட்சியில் அக்காவின் வார்டு பெண்களுக்கு, ஆனால் பொதுப் பிரிவில். பழங்குடி ஒதுக்கீடு இல்லை. அதற்குத் தலை எண்ணிக்கை போதாது. டெபாசிட் பட்டியல், பழங்குடி வகுப்பினருக்குப் பாதி என்பதால் நூறு ரூபாய். குழுப் பெண்கள் பத்தும் இருபதுமாகப் போட்டார்கள். வேட்புமனுவில் அசையாச் சொத்து என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு, அசையும் சொத்தில் இரண்டு ஆட்டை எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

பிரச்சாரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெண்களுக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்ததுதான் பெரிய வேலை. ஊரகத் தேர்தலில் மெஷின் கிடையாது. ஒரே ஆள் நான்கு சீட்டில் முத்திரை குத்த வேண்டும்: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பழைய தினசரியைக் கிழித்துச் சீட்டாக்கி, சோடா மூடியைச் சாந்தில் தோய்த்து முத்திரையாக்கினார். "குறுக்கால மடிச்சா மை அடுத்த சின்னத்துல ஒட்டிக்கும், ஓட்டு செத்துப்போவும். நெடுக்கால மடி, அப்பறம் குறுக்கால." தரையில் குந்தி ஒவ்வொருத்தியையும் மடிக்கவைத்துப் பார்த்தார். எண்ணிக்கை அன்று மற்ற வார்டுகளில் செல்லாத ஓட்டுகள் குவிந்தன. கரைப் பெண்களின் ஓட்டில் சேதாரம் குறைவு.

ஜெயித்தார், சொற்ப வித்தியாசத்தில். இதைச் சேவைக்குக் கிடைத்த பரிசு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஊரின் பெரிய குடும்பத்திலிருந்து இரண்டு பங்காளி வீட்டு மருமகள்கள் எதிரெதிராக நின்றார்கள். ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. நடுவில் அக்கா வந்தார். பங்காளிகள் ஒற்றுமையாக இருந்திருந்தால் வெள்ளத்து நோட்டு மட்டும் அவரைக் கரையேற்றியிருக்காது. அதே சமயம், அந்த நோட்டு இல்லாவிட்டால் பிரிந்த ஓட்டும் அவருக்கு வந்திருக்காது.

முதல் கூட்டத்தில் நாற்காலி போட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, வெறும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "அப்புறம் எழுதிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க." அக்கா பேனாவை மூடினார். "எழுதுங்க. படிச்சிட்டுப் போடறேன்." வேறு வழியில்லாமல் எழுதினார்கள். அவர் ஒரு விரலை எழுத்தின் மேல் ஓட்டியபடி, வாய்விட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். வேகமாகப் படிக்க அவருக்கு வராது. ஆண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவர் டீக்குப் போய்த் திரும்பியும் வந்தார். எல்லாத் தீர்மானத்தையும் படித்து முடித்துத்தான் கையெழுத்து விழுந்தது. அடுத்த கூட்டத்திலிருந்து புத்தகம் எழுதித் தயாராக இருந்தது.

வார்டு உறுப்பினருக்கு நிதி கிடையாது, செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும்தான். ஆகவே அக்கா சாதித்தது என்று அடுக்க அதிகமில்லை. கரைக்கு ஒரு குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அடைத்திருந்த வேலியை எடுத்தது. நூறு நாள் வேலைப் பட்டியலில் கரைப் பெயர்கள் ஒழுங்காக வந்தன.

நாற்காலியே கிடைக்காத கதையும் எங்கள் மாவட்டத்தில்தான் நடந்தது. புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி, பட்டியல் வகுப்புப் பெண். அவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாடே பார்த்தது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கமானார், துணைத் தலைவர் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அக்கா அந்தப் படத்தை என் போனில் வெகுநேரம் பார்த்தார். "தலைவராக்கிட்டாங்க. செக்குல கையெழுத்து அவ போடாம காசு வராது. அப்பவும் கீழதான்" என்றார்.

இப்போது கிள்ளைக்கு வருகிறேன். அங்கே எம்.ஜி.ஆர். நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருளர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். பிச்சாவரம் வாய்க்கால்களில் அந்தப் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்திக் காட்டை மீட்கும் வேலையை இவர்களோடு சேர்ந்து செய்தது. சேர்ந்து வாழ்ந்ததால் கணக்கில் வந்தார்கள், கணக்கில் வந்ததால் ஒதுக்கீடு வந்தது. மல்லிகா அந்த நாற்காலிக்கு வந்ததில் கட்சிக்கும் பங்கு உண்டு. ஆனால் அடித்தளம் இந்தக் கூட்டல்தான்.

அதே 2022 ஜூலை 25-இல் சந்தாலிப் பெண் திரௌபதி முர்மு குடியரசுத் தலைவரானார். அவரும் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, 1997-இல் ராய்ரங்பூரில் கவுன்சிலராகத் தொடங்கியவர். தமிழ்நாட்டு இருளச்சிக்கு அந்த ஏணியின் இரண்டாம் படியே இல்லை. சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடிக்கு இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் மலைப்பக்கம். சமவெளி ஏரிக்கரைகளில் சிதறிக் கிடக்கும் இருளருக்கு உள்ளாட்சியை விட்டால் வாசல் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். கெடிலக்கரையில் அப்போது வந்தவர் தெருமுனையில் நின்று ஒரு ஆளிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அக்காவின் நோட்டில் இருந்த வீடுகளில் எத்தனை அவர் தாளில் ஏறின என்பது யாருக்கும் தெரியாது.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அக்காவின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. அவர் நோட்டைத் தூசி தட்டி மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். இந்த முறை இருளர் பெயர்கள் மட்டும், வீடு வீடாக.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் குறித்திருக்கிறார்கள். சாதியும் எழுதப்போகிறார்கள். இதை வைத்துத்தான் அடுத்த பல வருடங்களுக்கு எந்த ஊராட்சி, எந்தப் பேரூராட்சி பழங்குடிக்கு என்று பிரிப்பார்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ நான்கு இருளர் வீடு இருந்தால், கணக்கெடுக்க வருகிறவரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சூளைக்குப் போயிருந்தால் எந்தச் சூளை என்று சொல்லுங்கள். இருளர் என்று அவர் எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.